தோவாளைப் பூவும் நம்ம லேப்டாப் திரையும்

விடியக்காலம் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் கேந்திப் பூக் குவியலைப் படம் எடுத்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். லேப்டாப்ல பார்த்தா கண்ணைப் பறிக்கும். டிபார்ட்மெண்ட் போஸ்டருக்குன்னு பிரிண்ட் போட்டு வாங்கினா, ரெண்டு நாள் வாடின பூ மாதிரி இருண்டு கிடக்கும். எனக்கு அப்படி ஆனப்போ கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போனேன். "தம்பி, ஃபைல்ல இருக்கதுதான் பேப்பர்ல வரும்"னார். அவர் சொன்னது முக்கால்வாசி சரி. பொய் சொன்னது என் திரை.

முதல் குற்றவாளி வெளிச்சம். புது மானிட்டர்களை முழு பிரைட்னஸ்ல வச்சா 250 கேண்டெலாவுக்கு மேலகூட போகும். போட்டோ எடிட்டிங்குக்கு 100 முதல் 120 போதும். கூடுதல் வெளிச்சத்துல உட்கார்ந்து எடிட் பண்ணும்போது, 'படம் நல்லாத்தானே இருக்கு'ன்னு நினைச்சு நம்மளே அதை இருட்டாக்கிடுறோம். பேப்பர் தானா ஒளி விடாதே! அளக்கக் கருவி இல்லன்னா ஒரு வழி இருக்கு: திரையில வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை வெளிச்சத்துல பக்கத்துல ஒரு வெள்ளைத்தாளைப் பிடிங்க. ரெண்டும் ஒண்ணா தெரியிற வரை பிரைட்னஸைக் குறைங்க. இது தோராயம்தான், ஆனா பாதிப் பிரச்சனை இதுலயே தீரும்.

அதுக்கு முன்னால திரை அரை மணி நேரம் ஓடி சூடாகட்டும். நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. வெள்ளைப் புள்ளி 6500 கெல்வின், காமா 2.2. இந்தக் காமா என்னன்னா, 255-ல் 128-ங்கிற சாம்பல் நிறம் பாதி வெளிச்சம் இல்ல, ஏறக்குறைய 22 சதவீதம்தான். இது பிசகினா பத்மநாபபுரம் அரண்மனையோட மர அறைகள்ல எடுத்த படத்துல நிழலுக்குள்ள இருக்க வேலைப்பாடு திரையில ஒரு மாதிரியும் பேப்பர்ல வேற மாதிரியும் தெரியும்.

கண்ணை நம்பி நிறத்தைச் சரி பண்றது கஷ்டம், ஏன்னா கண்ணு எந்த வெளிச்சத்துக்கும் பழகிடும். கலரிமீட்டர்னு ஒரு கருவி இருக்கு. திரைமேல தொங்கவிட்டா ஒவ்வொரு நிறத்தையும் அளந்து ஐசிசி புரொஃபைல் உருவாக்க உதவும். ஆர்கில் சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் ரெண்டும் இலவச மென்பொருள். கருவிக்குத்தான் காசு, கிளப்ல ஒண்ணு வாங்கினா எல்லாரும் மாத்தி மாத்திப் பயன்படுத்தலாம்.

ஒண்ணு கவனிங்க: திரையால காட்ட முடியாத நிறத்தை எந்தக் கேலிபரேஷனும் கொண்டு வராது. மலிவான லேப்டாப் திரைகள் பல, எஸ்ஆர்ஜிபி நிறங்கள்ல மூணுல ரெண்டு பங்கைத்தான் காட்டும். இந்த எஸ்ஆர்ஜிபி, ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் கொண்டு வந்த தரம்.

மீதிக் கால்வாசி, மையோட எல்லை. கேந்தியோட தகதகக்கும் ஆரஞ்சும் கடலோட ஆழ்ந்த நீலமும் நாலு மை பிரிண்டிங்குல முழுசா வராது. கடைக்காரர்கிட்ட பிரிண்டர் புரொஃபைல் இருந்தா வாங்கி, கிம்ப்ல சாஃப்ட் புரூஃப் போட்டுப் பாருங்க. எந்த நிறம் மங்கும்னு முன்னாடியே தெரியும். அவர் வேற எதுவும் கேக்கலன்னா எஸ்ஆர்ஜிபியிலேயே கொடுங்க. அடோபி ஆர்ஜிபியில சேமிச்ச படத்தை அந்தப் புரொஃபைலைப் பார்க்காத மெஷின்ல போட்டா சப்புன்னு வரும். பெரிய பிளெக்ஸுக்கு முன்னால ஒரு சின்னத் துண்டு அடிச்சுப் பார்த்து, அதைக் கடை டியூப்லைட்ல இல்லாம வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க.