ஷாக்குக்குத் தெரிந்தது எடை மட்டுமே

ஒரே மாடல் மலை சைக்கிளில் இருவர் ஒரே கற்சரிவில் இறங்குகிறார்கள். ஆணின் எடை 80 கிலோ, பெண்ணின் எடை 50 கிலோ. ஆணின் பின்சக்கரம் கல்லுக்குக் கல் பணிந்து எழுகிறது. பெண்ணுக்கோ ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் வந்து இடிக்கிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்று உடன் வந்தவர்கள் தேற்றுவார்கள். பழக்கத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் ஓடும் எண்ணெயின் தடை ஆணின் எடைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கிறது, பெண்ணின் எடைக்கு அல்ல.

மலை சைக்கிள் பிறந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை, சஸ்பென்ஷனே இல்லை. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1976-இல் தொடங்கிய 'ரீபேக்' பந்தயங்களில், பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கினார்கள். மடங்கி நிமிரும் கையும் காலும்தான் அன்றைய ஸ்பிரிங். அந்தக் கூட்டத்தோடு வெண்டி கிராக் என்ற பெண்ணும் ஓட்டினார். அந்நாட்களின் புகைப்படங்கள் பல அவர் எடுத்தவையே. 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. பெண்களுக்கான கிராஸ் கன்ட்ரி பிரிவில் ஜூலி ஃபுர்ட்டாடோ வென்றார். முன்பக்க ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வந்துவிட்ட காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் பின்சக்கரமும் ஆடத் தொடங்கியது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் கொண்ட சைக்கிளைத்தான் 'ஃபுல் சஸ்பென்ஷன்' என்கிறார்கள்.

ஷாக் அப்சார்பருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஸ்பிரிங்கின் வேலை: அடியை வாங்கி அமுங்குவது, பிறகு திருப்பித் தள்ளுவது. இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலும் கம்பிச் சுருளுக்குப் பதிலாக அழுத்திய காற்றே ஸ்பிரிங். இன்னொன்று டாம்பரின் வேலை. அலுவலகக் கண்ணாடிக் கதவின் தலையில் இருக்கும் டோர் குளோசரைப் போல, சிறு துளைகள் வழியே எண்ணெயை நெருக்கிச் செலுத்தி வேகத்தை அடக்குவது அது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் சைக்கிள் துள்ளிக்கொண்டே போகும்.

ஸ்பிரிங்கில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமிழ வேண்டும். பின்பக்கத்தில் மொத்த அசைவின் 25 முதல் 30 சதவீதம் அமிழ்வது வழக்கம். பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் அசையக்கூடிய சைக்கிளில் 30 சதவீதம் என்றால் 39 மில்லிமீட்டர். காற்றைக் கூட்டியோ குறைத்தோ இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்த ஸ்பிரிங் தானாக ஆடும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டரை முறை. இந்தக் கணக்கில் புவியீர்ப்பும் அமிழ்வின் அளவும் மட்டுமே வருகின்றன. எடை அடிபட்டுப் போகிறது. 50 கிலோ பெண்ணும் 80 கிலோ ஆணும் ஒரே அமிழ்வு வைத்துக்கொண்டால் இருவரின் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆடும். ஒரு கைப்பம்பு போதும், அநீதி தீர்ந்தது என்று தோன்றும்.

தீரவில்லை. டாம்பரின் கணக்கில் எடை மறுபடி நுழைகிறது. ஒரே தாளத்தில் ஆடும் இரு பாரங்களை ஒரே விதமாக அடக்க வேண்டுமானால், அடக்கும் விசை பாரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்க வேண்டும். ஓட்டுபவரோடு ஷாக் சுமக்கும் சைக்கிள் பாகங்களையும் சேர்த்து ஆணுக்கு 90 கிலோ, பெண்ணுக்கு 60 கிலோ என்று கொள்வோம். ஆணுக்குத் தேவைப்படும் தடையில் மூன்றில் இரண்டு பங்குதான் பெண்ணுக்குத் தேவை. காற்றைப் பம்பால் மாற்றிவிடலாம். எண்ணெய் ஓடும் வழியை அப்படி மாற்ற முடியாது. அங்கே அடுக்கியிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளின் விறைப்பைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வெளியே இருக்கும் திருகு அதற்குள் ஓர் எல்லைவரைதான் மாற்றிக்கொடுக்கும்.

எல்லை போதாதபோது இரண்டு தொல்லைகள் வருகின்றன. கல்லில் மோதும்போது எண்ணெய் கடுமையாக எதிர்ப்பதால், அமுங்க வேண்டிய ஷாக் அமுங்காமல் ஓட்டுபவரையே தூக்கிப்போடுகிறது. அமுங்கிய பிறகோ, குறைந்த காற்றழுத்தத்தால் ஸ்பிரிங்கின் தள்ளுவிசை குறைவு. எண்ணெயின் தடை மட்டும் குறையவில்லை. ஆகவே சக்கரம் சோம்பலாக இறங்குகிறது. முழுதாக நீள்வதற்குள் அடுத்த கல், அதற்குள் இன்னொரு கல். ஐந்தாறு கற்களில் சஸ்பென்ஷன் அடியிலேயே தங்கிவிடும். விலையுயர்ந்த சைக்கிள் அப்போது கட்டைவண்டியாகிவிடும்.

ஃபிரேமின் நெம்புகோலும் இதில் பங்கெடுக்கிறது. ஷாக்கின் தண்டு 50 மில்லிமீட்டர் நகர, சக்கரம் 130 மில்லிமீட்டர் நகர்ந்தால் விகிதம் 2.6. விகிதம் கூடினால் அதே எடை ஷாக்கை அதிக விசையோடு அழுத்தும். எண்ணெயின் தடையும் சக்கரத்தில் குறைவாகவே உணரப்படும். கனத்தவருக்கு இது தலைவலி, எடை குறைந்தவருக்கு அனுகூலம்.

'பெண்களுக்கான சைக்கிள்' என்ற பெயர்ப்பலகையின் கதையை இங்கே வைத்துப் பார்க்கலாம். சான்டா குரூஸ் நிறுவனம் 1999-இல் ஃபுர்ட்டாடோவின் பெயரால் 'ஜூலியானா' என்ற மாடலை வெளியிட்டது. பின்னர் அதுவே தனி பிராண்டு ஆனது. அதன் ஃபிரேம்களின் வடிவம் சான்டா குரூஸுடையதுதான். சீட்டும் கைப்பிடியும் வேறு, ஷாக்கின் எண்ணெய்த் தடை எடை குறைந்தவர்களுக்கு ஏற்றது. தைவானின் ஜயன்ட் நிறுவனத்தில் போனி டு 2008-இல் தொடங்கிய 'லிவ்' வேறு வழியில் போனது. பெண்களின் உடலளவுகளை வைத்து ஃபிரேமையே தனியாக வரைகிறது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனமோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெண்ணுக்குப் பெண் உள்ள வேறுபாடே பெரிது என்று சொல்லித் தனி ஃபிரேம்களைக் கைவிட்டது. எலும்பின் நீளத்தைப் பற்றி இவர்கள் வாதாடிக்கொண்டே இருக்கலாம். எடையைப் பற்றிய பௌதிகம் எந்தக் கட்சியிலும் இல்லை. 50 கிலோ ஆணுக்கும் இதே தொல்லைதான். 80 கிலோ பெண்ணுக்குச் சாதாரண ஷாக்கே பொருந்தும்.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஓட்டும் உடை, ஷூ, தண்ணீர்ப்பை எல்லாவற்றோடும் ஏறி அமருங்கள். ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஷாக் உறையின் விளிம்பை ஒட்டத் தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்குங்கள். 50 மில்லிமீட்டர் தண்டில் வளையம் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் அது 30 சதவீதம். அந்த அளவு வரும்வரை காற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்தது முக்கியம்: திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை, வேகம் கூடும் பக்கம் கடைசிவரை திருப்புங்கள். சீட்டை அழுத்தி விட்டால் சைக்கிள் வேண்டாத அளவுக்குத் துள்ள வேண்டும். அப்போதுதான் அதை அடக்கி உங்களுக்குத் தோதான இடத்தைத் தேட முடியும். முழுதும் திறந்தும் மந்தமாகவே எழுந்தால், அந்த ஷாக் உங்களுக்கு ஆனதல்ல. உள்ளே தகடுகளை மாற்றித்தர ஆள் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

அசைவின் நீளத்திலும் ஆசை வேண்டாம். கிராஸ் கன்ட்ரி சைக்கிளுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர், பொதுவான மலைப்பாதைக்கு 120 முதல் 150, கடும் இறக்கத்துக்கு அதற்கும் மேல். நீளம் கூடினால் சைக்கிளின் எடையும் கூடும். 14 கிலோ சைக்கிள் 80 கிலோக்காரருக்கு உடலெடையில் 17.5 சதவீதம், 50 கிலோக்காரருக்கு 28 சதவீதம். ஏற்றத்தில் மிதிக்கும்போது அந்த வித்தியாசம் தொடையில் தெரியும்.

உயரம் குறைந்தவர்கள் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளும்போது 29 அங்குலப் பின்சக்கரம் உரசக்கூடும். முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு அவர்களுக்கு வசதி. பிரேக் லீவர் ஒற்றை விரலுக்கு எட்ட வேண்டும். அதைக் கைக்கு அருகே கொண்டுவரத் திருகு உண்டு. ஹேண்டில்பார் அகலமாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம். சீட்டைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். இவற்றில் எதுவும் சைக்கிளை நிராகரிக்கக் காரணமல்ல.

நிறத்தையும் பெயரையும் கடைக்காரர் காட்டுவார். நீங்கள் உங்கள் எடையைச் சொல்லி, ரப்பர் வளையத்தையும் ரீபவுண்ட் திருகையும் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.