உறவும் கட்சியும்



குடும்பத்திற்குள் அரசியல் பேசலாமா, பேசினால் உணர்ச்சியை விலக்கி வைத்துப் பேச இயலுமா என்பது இன்று பல இல்லங்களில் எழும் கேள்வி. "வீட்டில் கட்சி பேசாதே" என்று முதியோர் ஆணையிட்டுவிடுவது எளிய வழி. அவ்வழி எனக்கு உடன்பாடன்று. பேச்சை அடக்கலாம், கருத்தை அடக்க இயலாது. அடங்கிக் கிடந்த கருத்து பிறிதொரு நாள், குழம்பில் உப்பில்லை என்பது போன்ற அற்பக் காரணத்தைப் பற்றிக்கொண்டு வெடிக்கும்.

நான் வாழும் கல்லாவி, ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டமோ கருநாடக எல்லையை ஒட்டியது. இப்பகுதியினர் பலருக்கு ஓசூர் ஆலைகளிலும் பெங்களூரிலும் பிழைப்பு. சிலருக்கு எல்லைக்கு அப்பால் கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, அது இத்தகைய வீடுகளுக்கு வெறும் நாளிதழ்ச் செய்தியாக இருக்கவில்லை. மகள் அங்கே, பெற்றோர் இங்கே. அந்த வேளையில் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு நியாயம் பேசு என்பவர், தீயில் கை வைத்தவனிடம் சூட்டை அளந்து சொல் என்கிறார்.

அவ்வாறாயின் பிரிக்கவேண்டியது எதனை? எங்கள் மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராஜாஜியின் வாழ்விலே இதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

இராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பினர். குலம் வேறு, மொழி வேறு. தந்தையர் இருவரும் உடனே இசையவில்லை. சில ஆண்டுகள் பிரிந்திருந்து காத்திருக்கச் சொன்னார்கள். காதல் மாறவில்லை. 1933 ஜூன் மாதத்தில் புனாவில் திருமணம் நடந்தது. தலைவரும் தொண்டரும் சம்பந்திகளாயினர்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1942இல் நாட்டின் மிகப் பெரிய கேள்வியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். முசுலிம் லீக் கேட்ட பிரிவினை உரிமையைக் கொள்கையளவில் ஏற்று, அவர்களோடு உடன்பாடு கண்டு தேசிய அரசு அமைக்கவேண்டும் என்றார் இராஜாஜி. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு அதனைப் பெரும்பான்மையால் தள்ளிவிட்டது. வெள்ளையரை வெளியேறச் சொல்லும் இயக்கத்திற்குக் காந்தியடிகள் ஆயத்தமானார். அவ்வியக்கம் வேண்டாம் என்றார் சம்பந்தி.

இங்கே காந்தியடிகள் செய்ததை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். "நம் வீட்டுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள்" என்று அவர் எழுதவில்லை. காங்கிரஸிலிருந்து விலகி, அதன்பின் உங்கள் கருத்தை முழு ஊக்கத்தோடு பரப்புங்கள் என்ற பொருள்பட எழுதினார். இராஜாஜியும் அந்த ஜூலையில் கட்சியையும் சட்டசபை இடத்தையும் துறந்தார். ஆகஸ்டில் காந்தியடிகள் சிறைப்பட்டார். இராஜாஜி வெளியே இருந்தார். எத்தனை ஏச்சு வந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இருவரும் உணர்ச்சியற்றவர் அல்லர். ஆயினும் உறவை வாதமாக்கவில்லை. வாதத்தை உறவுக்கு அளவுகோலாக்கவும் இல்லை. என் கட்சிக்கு வாக்களிக்காதவன் என் தம்பியல்லன் என்பதும், நீ என் தம்பியாதலால் என் கட்சிக்கே வாக்களி என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆசிரியப் பணியில் நான் கண்ட குடும்பப் பூசல்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலேதான் தொடங்கின. கொள்கை வேற்றுமையால் மட்டும் முறிந்த குடும்பம் மிகச் சிலவே.

1943 பிப்ரவரியில் புனாவின் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். இராஜாஜி அங்கே சென்று கண்டார். நலம் கேட்டதோடு நிற்கவில்லை. தம் திட்டத்தையும் எடுத்துரைத்தார். முன்னர் மறுத்தவர் இப்பொழுது இசைந்தார். 1944 செப்டம்பரில் ஜின்னாவோடு நடந்த பேச்சுக்கு அத்திட்டமே அடிப்படையாயிற்று. பேச்சு முறிந்தது என்பது வேறு செய்தி. உறவு அறுந்திருந்தால் அந்தக் கட்டிலருகே அரசியல் பேச இடம் இருந்திராது.

இதே வீட்டில் இன்னொரு வேற்றுமையும் தோன்றியது. 1959இல் இராஜாஜி காங்கிரஸை எதிர்த்துச் சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தபோது, அவர் மகன் நரசிம்மன் எங்கள் கிருஷ்ணகிரித் தொகுதியின் காங்கிரஸ் மக்களவை உறுப்பினர்!

கம்பனைக் கற்றோர்க்கு இது புதிதன்று. போர்க்களத்தில் வீடணனைத் தழுவிக் கண்ணீர் விடும் கும்பகருணன் பக்கம் மாறவில்லை. தம்பியைப் பழிக்கவும் இல்லை. அவன் இராமனிடமே திரும்பிச் செல்லட்டும் என்று விடை கொடுக்கிறான்.

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. தந்தையர் வாதம் நூல்களில் நிறைந்திருக்கிறது. 1942இல் லட்சுமி மூன்று குழந்தைகளின் தாய். பிறந்தகமும் புகுந்தகமும் எதிரெதிர் நின்ற அந்நாட்களை அவர் எப்படிக் கழித்தாரோ! நம் வீடுகளிலும் கூடத்தில் ஆடவர் வாதிட, இரு பக்கத்துக்கும் சோறு பரிமாறுபவர் ஒரு பெண்ணாகவே இருக்கிறார். அவருடைய கட்சி எது என்று கேட்பார் இல்லை. லட்சுமியின் மகன் ராஜ்மோகன் காந்திக்கு அன்று ஏறத்தாழ ஏழு வயது. இரண்டு பாட்டனாரின் வரலாற்றையும் பிற்காலத்தில் எழுதியவர் அவரே.