கடைசியாக மாற வேண்டியது

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. வீட்டுக் கணினிகளுக்குச் சில நிபந்தனைகளின்பேரில் ஓராண்டு அவகாசம் கிடைத்ததாயினும், அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஏறத்தாழ 2018-க்குப் பிற்பட்ட செயலியும் இருந்தாலன்றி முறைப்படி நிறுவிக்கொள்ள இடங்கொடாமையால், திரை மங்காமலும் விசை தேயாமலும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய எண்ணற்ற கணினிகள், யந்திரத்தில் யாதொரு பழுதும் இல்லாதிருக்கவே, காலாவதியானவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டன. இவற்றின் சொந்தக்காரர்களிற் பலர், லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றுக்கு மாறிவிடலாமா என்று இப்போது விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாறலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது என்னும் கிரமம் தெரியாமல் இறங்குகிறவர்களே பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள் ஆகையால், அந்தக் கிரமத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கணினியின் செயலி, நினைவகம், வட்டு, திரை, அச்சுப்பொறி முதலிய உறுப்புகளை நேராக ஆண்டு, அவற்றின் உழைப்பை நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குப் பங்கிட்டுத் தருவதே இயங்குதளத்தின் வேலை. கடிதம் எழுதும் மென்பொருளுக்கு அச்சுப்பொறியின் உட்கூறுகளைப் பற்றிய ஞானம் வேண்டியதில்லை. அச்சிட வேண்டும் என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொண்டால் போதும். இந்த ஏற்பாட்டில் சௌகரியத்தோடு ஒரு பந்தமும் இருக்கிறது: ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்திடம் கேட்டு வாங்கும்படியாகவே எழுதப்படுவதால், இயங்குதளம் மாறும்போது அது தானாகக் கூட வந்துவிடுவதில்லை. லினக்ஸைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட கர்னல் என்னும் மையப் பகுதியும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் சேர்ந்தே இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்றெல்லாம் பல பெயர்களில் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளங்களாயின. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் அதே கர்னல்தான் என்பதால், இது நிபுணர்களுக்கு மாத்திரமே உரியது என்னும் பயத்துக்கு ஆதாரமில்லை.

மாற்றத்தில் சிரமம் எங்கே இருக்கிறது என்பதை அறிய ஜெர்மனியின் மியூனிக் நகரசபையின் சரித்திரத்தைப் போல உதவுவது வேறில்லை. அந்நகரசபையின் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் என்டி 4-க்கு ஆதரவு நிற்கவிருந்த சமயத்தில், ஒரே வியாபார ஸ்தாபனத்தின் கால அட்டவணைக்கு ஒரு நகரத்தின் நிர்வாகம் கட்டுப்பட்டிருப்பது தகுமா என்னும் கேள்வி எழுந்தது. மைக்ரோசாஃப்டின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் வந்து கண்டார், விலையும் குறைக்கப்பட்டது. இருந்தும் 2003-ஆம் ஆண்டு மே மாதம் லினக்ஸுக்கு மாறுவதென்றே நகரசபை தீர்மானித்தது. ஏறத்தாழ 14,000 கணினிகளைத் தழுவிய அந்தத் திட்டத்துக்கு லிமக்ஸ் என்று பெயர்.

தீர்மானம் செய்வது எளிதாயிருந்தது. மாற்றம் பெருமளவில் நிறைவேற 2013 வரையில், அதாவது பத்தாண்டுகள் ஆயின. தாமதத்தின் காரணம் லினக்ஸின் குறைபாடு என்று பலர் கருதினார்கள். உண்மையில் நகரசபையின் இலாகாக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணினிப் பிரிவு வைத்துக்கொண்டு, தனித்தனி வழக்கங்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வந்திருந்தன. முகவரித் தலைப்புள்ள கடிதம், உரிமம் வழங்கும் படிவம், அபராத அறிவிப்பு என்று ஆயிரக்கணக்கான வார்ப்புருக்கள் மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கென்றே செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் மேக்ரோ எனப்படும் சிறு நிரல்கள் புதைந்து கிடந்தன. அவற்றை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவை என்ன செய்கின்றன என்பது பயன்படுத்துகிறவருக்கே தெரியாது. இவற்றையெல்லாம் ஒன்றுகூட்டி ஒழுங்குபடுத்துவதற்காக வோல்மக்ஸ் என்னும் தனி மென்பொருளையே நகரசபை எழுதுவிக்க வேண்டியதாயிற்று. அந்த வேலை, விண்டோஸிலேயே நீடித்திருந்தாலும் என்றேனும் ஒருநாள் செய்தே தீர வேண்டிய வேலை.

பின்னர் மேயர் மாறினார். அலுவலர்களின் மனக்குறைகள் பெருகின. 2017-ல் நகரசபை விண்டோஸுக்கே திரும்புவதென்று முடிவு செய்தது. லினக்ஸ் தோற்றது என்று இதைச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இலாகாக்களின் ஒழுங்கின்மை, பழைய படிவங்களின் பாரம், வெளியிலிருந்து வரும் கோப்புகளின் முரண்பாடு ஆகிய யாவும் ஒரே சமயத்தில் வெளிப்பட, அவ்வளவுக்கும் புதிதாக வந்த இயங்குதளமே பழி ஏற்றது என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது. 2020-ல் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து பொறுப்பேற்றபோது, லினக்ஸைப் போல மூல நிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் இடந்தரும் திறந்த மூல மென்பொருளுக்கே இயன்றவிடமெல்லாம் முதலிடம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கேள்வி அங்கே இன்னும் உயிரோடிருப்பது புலனாகும்.

பிரான்ஸ் தேசத்தின் ஜாந்தார்மரி என்னும் காவற்படை இதே காரியத்தை வேறு கிரமத்தில் செய்தது. அவர்கள் இயங்குதளத்தை முதலில் தொடவேயில்லை. 2005-ல், விண்டோஸுக்குள்ளேயே, மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக ஓபன் ஆபீஸைக் கொடுத்தார்கள். மறு ஆண்டு, அதே விண்டோஸுக்குள்ளேயே, உலாவியாக ஃபயர்ஃபாக்ஸும் அஞ்சலுக்குத் தண்டர்பேர்டும் வந்தன. கை பழகிய பிற்பாடு, 2008-ல்தான், புதிதாக வரும் கணினிகளில் உபுண்டுவை வைக்கத் தொடங்கினார்கள். காலையில் வந்து கணினியைத் திறந்த காவலருக்கு அறிக்கை எழுதும் மென்பொருளும், அஞ்சல் பார்க்கும் மென்பொருளும், உலாவியும் நேற்றுப் பார்த்தவையாகவே இருந்தன. முக்கியமாக வேறுபட்டவை சின்னப் படங்களும் விளையாட்டுகளுமே என்று அப்படையின் அதிகாரிகளே சொன்னார்கள். ஜென்புண்டு என்று தங்களுக்கென்று அவர்கள் அமைத்துக்கொண்ட அந்த இயங்குதளம், 2024-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கும் இந்த வழியே உசிதமானது. ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், உலாவியாக ஃபயர்ஃபாக்ஸ், பாட்டும் வீடியோவும் ஓட்ட விஎல்சி, படத் திருத்தத்துக்கு கிம்ப் ஆகிய யாவும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். இரண்டு மூன்று மாதங்கள் விண்டோஸில் இருந்தபடியே இவற்றை மட்டும் பயன்படுத்திப் பார்த்தால், தம் வேலைகளில் எது தடைப்படுகிறது, எது தடைப்படவில்லை என்பதை ஒருவர் எவ்வித அபாயமுமின்றி அறிந்துகொள்ளலாம். தடைப்படுவது ஒன்றுமில்லையென்று தெரிந்த பிறகு, கடைசியாக மாற வேண்டியது இயங்குதளம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கும் முந்திய ஒரு கடமை உண்டு; அதை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் டிடிபி சென்டர்களிலும், வக்கீல் அலுவலகங்களிலும், பத்திரிகைகளிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்துச் சேமித்த கோப்புகள் இன்றும் வட்டுகளில் குவிந்து கிடக்கின்றன. அவை தமிழ்போலத் தோன்றினாலும் உள்ளே தமிழல்ல. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. அந்தக் குறிகளின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு ஒன்றே. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிடில், ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சியளித்து, பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். எழுத்துருவையும் கூடவே எடுத்துச்சென்று நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகும். ஆயினும் ஒரு பெயரைத் தேடவோ, அகர வரிசைப்படுத்தவோ, வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பவோ இயலாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொதுமுறையான யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு ஏற்று ஆணை பிறப்பித்த பின்னும் இந்தப் பழைய கோப்புகள் அப்படியே தங்கிவிட்டன. எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு இவற்றை விண்டோஸில் இருக்கும்போதே யூனிகோடாக்கிவிட வேண்டும். மாற்றும்போது, இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றிகள் பொருளற்ற தமிழாக ஆக்கிவிடுமாதலால், பத்திரங்களைப் பக்கம் பக்கமாக ஒப்புநோக்குவதும் அவசியம். தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம்: தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்களுக்கும் அங்கே இடமுண்டு.

இவ்வளவும் முடிந்தபின் நிறுவும் வேலை ஒரு பிற்பகலில் அடங்கிவிடும். கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் என்னும் பூட்டு விண்டோஸில் போட்டிருந்தால், அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் மேலே போகலாகாது. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், வட்டில் ஓர் எழுத்தும் மாறாமல் புது இயங்குதளத்தை முழுமையாக ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுப்பொறி ஒரு பக்கத்தையேனும் ஒழுங்காக அச்சிடுகிறதா என்பதையெல்லாம் அந்நிலையிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் மாறியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரரை எடுத்துக்கொண்டால், அந்த மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. லினக்ஸில் அதை வளைத்து ஓட்ட வழிகள் இருந்தாலும், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் அது மக்கர் செய்தால் பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடைப்பது துர்லபம். அத்தகையவர் கணக்குக்கென்று ஆதரவுள்ள விண்டோஸ் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, கடிதத்துக்கும், இணையத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் உபயோகமாகும் பழைய கணினியை மாத்திரம் லினக்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.