நோர்சு தொன்மப் பாணிக் கொம்புக் கிண்ணம்

கொம்புக் கிண்ணம் என்பது மாட்டுக் கொம்பிலிருந்து செய்யப்படும், பானம் அருந்துவதற்கான கலன் ஆகும். இதற்கு அடித்தளம் இல்லை. எனவே நிரம்பிய கொம்பைத் தாங்கி இல்லாமல் கீழே வைக்க முடியாது. வைக்கிங் காலத்து (ஏறத்தாழ 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை) ஸ்காண்டிநேவிய மக்கள் விருந்துகளில் இதனைப் பயன்படுத்தினர். இன்று கைவினைஞர்கள் இதில் நோர்சு தொன்மக் காட்சிகளைச் செதுக்குகின்றனர்.

தொன்மக் கதைகளில் கொம்பு

13ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய எட்டா நூலில் ஒரு கதை உண்டு. அரக்கர் மன்னன் ஒரு நீண்ட கொம்பைக் கொடுத்து, அதைக் குடித்து முடிக்குமாறு இடிக்கடவுள் தோருக்குச் சவால் விடுகிறான். மூன்று முறை மூச்சடக்கிக் குடித்தும் பானம் சற்றே குறைகிறது. கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது என்பது பின்னரே தெரிகிறது. தோர் குடித்ததால் நீர் குறைந்ததே கடல் வற்றம் எனக் கதை கூறுகிறது. அதே அவையில் தோரால் தூக்க முடியாத பூனை, உண்மையில் உலகைச் சுற்றிக் கிடக்கும் யோர்முன்காந்தர் என்னும் பெரும்பாம்பு.

எகில் என்ற கவிஞரின் வரலாற்றுக் கதையில், நஞ்சு கலந்த கொம்பு அவரிடம் தரப்படுகிறது. அவர் அதில் ரூனிக் எழுத்துகளைச் செதுக்கித் தம் இரத்தத்தைப் பூச, கொம்பு வெடித்துப் பானம் கீழே கொட்டுகிறது. கொம்பில் எழுதுவது காப்பாகவும் கருதப்பட்டதை இது காட்டுகிறது.

வடிவத் தேர்வு

கொம்பு மண்ணில் மட்கிவிடுவதால் பழைய கொம்புகள் அரிதாகவே கிடைத்துள்ளன. உலோகப் பூண்களே பெரும்பாலும் எஞ்சின. எனவே இன்றைய கைவினைஞர்கள் மரம், கல் ஆகியவற்றில் உள்ள சிற்பங்களை மாதிரியாகக் கொள்கின்றனர். நார்வேயின் ஊர்னெஸ் மரத் தேவாலயத்தில் பின்னிப்பிணைந்த விலங்குருவங்கள் இதற்குச் சிறந்த சான்று. வளைந்து குறுகும் கொம்புக்குப் பாம்பு வடிவம் இயல்பாகப் பொருந்தும்.

பொருளின் தன்மை

கொம்பின் வெளியுறை நகம், முடி போன்றே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உள்ளே இருப்பது எலும்பு. நுனி கெட்டியானது, வாய்ப்பகுதியோ மெல்லியது. செதுக்குவோர் முதலில் அறியவேண்டியது இதுவே. ஆழம் மீறினால் துளை விழும். பிறகு அது கிண்ணமாகப் பயன்படாது.

செதுக்கும் முறை

1. கொம்பை நீரில் ஊறவைத்து அல்லது வேகவைத்து எலும்பை நீக்க வேண்டும்.
2. வாயை அறுத்துச் சமப்படுத்தி, மேற்பரப்பைச் சுரண்டி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.
3. வெளிர்நிறக் கொம்பை விளக்கொளியில் பிடித்தால் மெல்லிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
4. பென்சிலால் வடிவத்தை வரைய வேண்டும். பாம்பின் தலையைக் கெட்டியான நுனியில் புடைப்பாகவும், உடலை வாயை நெருங்க நெருங்க மேலோட்டமான கோடுகளாகவும் அமைப்பது நல்லது.
5. கூரிய கத்தியாலோ சிற்றுளியாலோ சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். இயந்திரக் கருவி சூடேறினால் முடி கருகும் வாடை வரும். உடனே நிறுத்த வேண்டும். தூசு நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் முகக்கவசம் தேவை.
6. கோடுகளில் கரிய மை தேய்த்துத் துடைத்தால் வடிவம் தெளிவாகத் தெரியும்.

பராமரிப்பு

உட்புறத்தில் உருகிய தேன்மெழுகை ஊற்றிச் சுழற்றி வடித்தால், பானத்தில் கொம்பின் வாடை ஏறாது. சூடான பானம் மெழுகை உருக்கிவிடும். ஆகையால் குளிர்ந்த பானமே ஏற்றது. பயன்படுத்தியபின் வெந்நீர் தவிர்த்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். கெரட்டினை உண்ணும் வண்டுகள் அரிக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்வது அவசியம்.