பனியில் இனிக்கும் கீரை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் குளிர்கால இரவுகள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போவதுண்டு. அங்கே ஹார்பர்சைடு என்ற கடலோர ஊரில் எலியட் கோல்மன் என்ற விவசாயி ஜனவரியிலும் பாலக்கீரையும் கேரட்டும் அறுவடை செய்து காட்டினார். ஹீட்டர் இல்லை, ரசாயன உரமும் இல்லை. 1968-ல் அவர் வாங்கியது கல்லும் புளிப்புமான காட்டு மண். மக்கிய உரமும் கரையில் ஒதுங்கிய கடற்பாசியும் போட்டுத்தான் அதைத் தேற்றினார்.

பாத்திக்கு மேல் பிளாஸ்டிக் கூடாரம். அதற்குள்ளே, செடிகளை ஒட்டி ஒரு மெல்லிய துணி. ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தை 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி வைத்ததற்குச் சமம் என்பது அவர் கணக்கு. அப்படியும் உள்ளே பனி உறையத்தான் செய்யும். காற்றையும் ஈரக்குளிரையும் தடுத்தால் போதும், மிச்சத்தைச் செடி பார்த்துக்கொள்ளும்.

எப்படி? குளிர் படிப்படியாக ஏறும்போது கீரை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரை கூடினால் செல்லுக்குள் இருக்கும் நீர் எளிதில் உறையாது. நாக்குக்கு இனிப்பு, செடிக்குக் கவசம். செல் சவ்வின் கொழுப்பும் மாறுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகும், நல்லெண்ணெய் ஓடும். சவ்வு அந்த நல்லெண்ணெய் பக்கம் சாய்கிறது. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில்தான் உருவாகும். அது செல்லிலிருந்து நீரை இழுப்பதால் விடியலில் இலைகள் செத்ததுபோலத் துவண்டு கிடக்கும். பத்து மணி வெயிலில் பனி உருகியதும் நீர் உள்ளே திரும்பும், இலை நிமிரும். அதற்கு முன்பே கை வைத்தால் கூழாகிவிடும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இந்த வித்தை தெரியாது, ஒரே இரவில் கறுத்துப்போகும்.

உண்மையான பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை அங்கே பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே குளிர்காலக் கேரட்டை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விதைக்கிறார்கள். பகல் சுருங்குமுன் செடி முக்கால் பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பாத்தி ஒரு சேமிப்புக் கிடங்குதான். குளிர்காலத் தோட்டம் என்றதும் எல்லோரும் வெப்பத்தைப் பற்றியே கேட்கிறார்கள். காலண்டரைப் பற்றிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. இலையுதிர்காலத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. இலை தளதளவென்று மென்மையாகி, குளிர் தாங்கும் பக்குவம் வராமல் போகும். மங்கிய வெளிச்சத்தில் கீரையில் நைட்ரேட்டும் தேங்கும்.