சோப்பு விற்பவரா, சுற்றத்தை விற்பவரா?

நமது வீடுகளுக்கு வரும் விருந்தாளிகள் பலவிதம். சாப்பிட வருகிறவர்கள், கடன் கேட்க வருகிறவர்கள், பெண்ணின் ஜாதகம் கேட்டு வருகிறவர்கள் ஆகிய எல்லோரையும் நாம் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வந்திருக்கிறோம். ஆனால் ஏறக்குறைய முப்பது வருஷங்களாக ஒரு புதுவிதமான விருந்தாளி நம்மிடையே தோன்றியிருக்கிறார். அவர் கடன் கேட்பதில்லை. நன்கொடைப் புத்தகத்தை நீட்டுவதில்லை. "உங்களுக்கு ஒரு நன்மை செய்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்கிறார்.

அவர் அந்நியர் அல்ல. பத்து வருஷமாகக் கண்ணில் படாத பள்ளித் தோழராக இருப்பார். மாமாவின் மருமகனாக இருப்பார். அடுத்த தெரு ஆசிரியையாக இருப்பார். டெலிபோனில் விஷயம் என்னவென்று சொல்லமாட்டார். நேரில் வந்து, ஒரு காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, "இது நீங்கள்" என்பார். அதன் கீழே சில வட்டங்கள். அவற்றின் கீழே இன்னும் பல வட்டங்கள். காகிதம் நிறைந்ததும் அடியில் ஒரு பெரிய தொகையை எழுதி, அதற்கு இரண்டு கோடு போடுவார். அந்தத் தொகை மாதா மாதம் வீடு தேடி வருமாம்.

இந்த வியாபாரத்துக்கு மல்டி லெவல் மார்க்கெட்டிங் என்று பெயர், சுருக்கமாக எம்.எல்.எம். என்பார்கள். தமிழில் பல அடுக்கு வியாபாரம் என்று சொல்லலாம்.

பிறந்த கதை

இந்த முறை பிறந்த தேசம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் நியூட்ரிலைட் என்ற விட்டமின் மாத்திரைகளை விற்றவர்கள் 1945-ம் வருஷத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் தாம் விற்ற சரக்குக்கு மட்டுமின்றி, தாம் சேர்த்துவிட்ட ஆட்கள் விற்ற சரக்குக்கும் கமிஷன் பெறலாம் என்பதே அந்த ஏற்பாடு. அந்த மாத்திரைகளை விற்றுவந்த இருவர் 1959-ல் மிச்சிகன் மாகாணத்தில் ஆம்வே கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் பின் இந்த முறை உலகெங்கும் பரவியது.

வீடு வீடாகச் சென்று சரக்கு விற்பது ஒரு குற்றமல்ல. தலையில் மூட்டை சுமந்து புடவை விற்றவரும், அப்பளம் இட்டு அக்கம்பக்கத்தில் விற்றுக் குழந்தைகளைப் படிக்க வைத்த தாய்மாரும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். அவர்களுக்கு லாபம் எங்கிருந்து வந்தது? புடவையை உடுத்தியவரிடமிருந்தும் அப்பளத்தைப் பொரித்துச் சாப்பிட்டவரிடமிருந்தும் வந்தது. எம்.எல்.எம். விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான். பணம் சரக்கை உபயோகிப்பவரிடமிருந்து வருகிறதா, அல்லது புதிதாகச் சேருகிறவர் "தகுதி" பெறுவதற்காக வாங்கி அடுக்கும் பெட்டிகளிலிருந்து வருகிறதா? பெடரல் டிரேட் கமிஷன் என்னும் அமெரிக்க சர்க்கார் ஸ்தாபனம் 1975-ல் காஸ்காட் என்ற அழகுச்சாதனக் கம்பெனியின் வழக்கில் ஏறக்குறைய இந்த உரைகல்லையே வகுத்துக் கொடுத்தது. சரக்கை உபயோகிப்பவருக்கு விற்பதோடு சம்பந்தமில்லாமல், ஆள் சேர்ப்பதற்காகவே வெகுமதி கிடைக்குமானால் அது வியாபாரமல்ல, பிரமிடுத் திட்டம்.

கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்

வந்தவர் வரைந்த வட்டங்களை நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொருவரும் ஆறே ஆறு பேரைச் சேர்க்கவேண்டும் என்கிறார். ஆறு பேர் என்ன பிரமாதம்! முதல் வரிசையில் 6 பேர், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216, நாலாவதில் 1,296. இப்படியே போனால் பத்தாவது வரிசையில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். உச்சியில் இருப்பவரையும் சேர்த்து மொத்தம் 7,25,59,411 பேர். 2011-ம் வருஷ ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகை 7,21,47,030. அதாவது, தொட்டிலில் கிடக்கும் குழந்தை முதல் கோலூன்றிய பாட்டி வரையில் ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்தாலும் பத்தாவது வரிசை நிரம்பாது!

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பிரமிடு எந்த வரிசையில் நின்றாலும் சரி, அதில் உள்ளவர்களில் ஆறு பேருக்கு ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. கடைசி இரண்டு வரிசைகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 97 பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறு பேருக்குப் பதில் இரண்டே பேரைச் சேர்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதும் கடைசி வரிசையில்தான்.

ஆகவே, பெரும்பாலோர் நஷ்டமடைவது அவர்களுடைய சோம்பலால் அல்ல. அவர்கள் அரிச்சந்திரனைப்போல் உண்மையாகவும், எறும்பைப்போல் சுறுசுறுப்பாகவும் உழைத்தாலும் கணக்கு மாறப் போவதில்லை. ஆனால் மேடையில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. "தோற்றவர்கள் முயற்சி செய்யாதவர்கள்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு கம்பெனியின் கதை

கணக்கு காகிதத்தில்தானே என்று நினைப்பவர்களுக்கு நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லுவோம். 1980-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஆரம்பித்த ஹெர்பாலைஃப் என்ற கம்பெனி, உடல் இளைப்பதற்கான பானப் பொடிகளை விற்று உலகப் பிரசித்தி அடைந்தது. அதில் சேர்ந்தவர்களில் பலர் ஸ்பானிஷ் மொழி பேசும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். அந்நிய நாட்டில், அதிகப் படிப்பின்றி, சொந்தத் தொழில் ஒன்று வேண்டுமென்று ஏங்கியவர்கள். அவர்களைக் கம்பெனியின் ஆட்கள் "போஷாக்கு சங்கம்" என்ற பெயரில் சிறு நிலையங்களைத் திறக்கச் செய்தார்கள்.

பெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் வெளிவந்த விவரங்கள் இவை: ஒரு சங்கத்தைத் திறக்கச் சராசரி 8,500 டாலர் செலவாயிற்று. கம்பெனியே நடத்திய விசாரணையில், சங்கம் நடத்தியவர்களில் நூற்றுக்கு 57 பேர் லாபமே இல்லை அல்லது நஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். "விற்பனைத் தலைவர்" என்று பட்டம் பெற்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி, 2014-ம் வருஷம் முழுவதற்குமாகச் சராசரி 300 டாலருக்கும் குறைவு. பட்டம் தலைவர், வருமானம் மாதம் 25 டாலர்கூட இல்லை!

2016 ஜூலையில் கம்பெனி 20 கோடி டாலர் செலுத்துவதாக உடன்பட்டது. சரக்கு உண்மையாக விற்பனையானதற்கு அத்தாட்சி இருந்தால்தான் வெகுமதி கொடுக்கலாம் என்று அதன் ஏற்பாட்டையே மாற்றியமைக்கும்படி கமிஷன் செய்தது. 2017 ஜனவரியில் ஏறக்குறைய 3,50,000 பேருக்குச் செக்குகள் தபாலில் சென்றன. பெரும்பாலானவை 100 டாலருக்கும் 500 டாலருக்கும் இடைப்பட்டவை. போன பணத்தில் ஒரு பகுதிதான் வந்தது. போன வருஷங்களுக்கும், முறிந்துபோன சிநேகங்களுக்கும் எந்தச் செக்கும் வரவில்லை.

யார் அகப்படுகிறார்கள்?

பேராசைக்காரர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமன்று. குழந்தை பிறந்தபின் உத்தியோகத்தை விட்டுவிட்டு, கைச்செலவுக்குக்கூடப் புருஷனிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று குன்றிப்போகும் ஸ்திரீ. என்ஜினீயரிங் பரீட்சை தேறி, வேலை கிடைக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசும் பிள்ளை. பிராவிடண்ட் பண்டு தொகையை வைத்துக்கொண்டு பெண்ணின் கல்யாணத்தை நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கும் பென்ஷன்காரர். தூண்டிலில் குத்தியிருக்கும் இரை இவர்களுக்குப் பணமாகத் தெரிவதில்லை, கௌரவமாகத் தெரிகிறது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது. கோட்டும் டையும் அணிந்தவர்கள் மேடையேறித் தங்கள் பழைய கஷ்டத்தைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். புதிய காரின் படத்தைக் காட்டுகிறார்கள். கரகோஷம் வானைப் பிளக்கிறது. வருஷக்கணக்கில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதருக்கு அங்கே மாலை போட்டுக் கைதட்டுகிறார்கள். அவர் மனம் கரையாமல் என்ன செய்யும்?

மறுநாள் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வருகிறது. தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்கிறார்கள். கம்பெனிக்கு வேண்டிய மூலதனம் இந்த நூறு பெயர்கள்தான். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் பாங்கியில் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அண்ணன் தம்பிகளும், அத்தை பிள்ளைகளும், பழகிய சிநேகிதர்களும் இருக்கிறார்கள். நாற்பது வருஷமாகச் சேர்த்த அந்த நம்பிக்கை ஆறு மாதத்தில் செலவழிந்துபோகிறது. சோப்பு வாங்கியவர் சோப்புக்காக வாங்கவில்லை. தங்கை கேட்கிறாளே என்று வாங்கினார். அடுத்த முறை தங்கை வருவதைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.

இத்துடன் இன்னொரு உபதேசமும் சேருகிறது. "உற்சாகத்தைக் கெடுப்பவர்களை விட்டு விலகி நில்லுங்கள்" என்கிறார்கள். எச்சரிக்கக்கூடிய தாயும் தமையனும் இதனால் சத்துருக்களாகிறார்கள். ஏமாந்தவரே பிறரைச் சேர்த்தவராகவும் இருப்பதால் வெளியே சொல்ல நா எழுவதில்லை. நியாயம் கேட்கப் போனால், தாம் சேர்த்துவிட்ட பத்துப் பேருக்கும் பதில் சொல்லவேண்டுமே!

இந்த மயக்கம் எவ்வளவு பலமானது என்பதைத் தமிழ்நாடு 2024 ஜனவரியில் பார்த்தது. கைப்பேசியில் விளம்பரங்களைப் பார்த்தால் பணம், ஆள் சேர்த்தால் மேலும் பணம் என்று சொன்ன ஒரு கம்பெனியின் மீது கோவையில் போலீஸ் வழக்குப் பதிவாயிற்று. உடனே ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் நீலம்பூர் அருகே திரண்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கல்ல, கம்பெனியை ஆதரிப்பதற்கு!

சட்டம் என்ன சொல்கிறது?

நமது தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. ரிசர்வ் பாங்கி நியமித்த ஜேம்ஸ் ராஜ் கமிட்டியின் சிபார்சுக்குப் பின், பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தைப் பார்லிமெண்டு 1978-ல் நிறைவேற்றியது. இத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் அங்கத்தினராகச் சேருவதும்கூட அச்சட்டப்படி தடுக்கப்பட்ட காரியம். நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரையில் சிறைவாசம் உண்டு. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடுத் திட்டமோ பணச் சுழற்சித் திட்டமோ நடத்தக்கூடாது என்று மீண்டும் சொல்லியிருக்கின்றன. பெரிய கம்பெனிகளும் சட்டத்தின் பார்வைக்குத் தப்பவில்லை. 2022 ஏப்ரலில் அமலாக்க இலாகா ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. கம்பெனியோ, தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே நடப்பதாகச் சொல்லியது.

ஆனால் போலீஸாரும் கோர்ட்டும் பெரும்பாலும் பணம் போனபின்தான் வருகிறார்கள். முதல் காவல் நமது வீட்டு வாசலில்தான் இருக்கவேண்டும். வந்தவரிடம் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். இந்தச் சரக்கை, ஆள் சேர்க்கும் ஆசை இல்லாத ஒருவர், இதே விலைக்குக் கடையில் வாங்குவாரா? நான் ஒருவரைக்கூடச் சேர்க்காமல், விற்பனை மட்டும் செய்தால் எனக்கு என்ன கிடைக்கும்? சென்ற வருஷத்தில், செலவு போக, உங்கள் கையில் நின்ற லாபம் எவ்வளவு, கணக்கைக் காட்டமுடியுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், காப்பி கொடுத்து வழியனுப்பிவிடலாம். சந்தேகமிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

நம் வீட்டிலேயே ஒருவர் ஏற்கனவே அகப்பட்டிருந்தால் என்ன செய்வது? பரிகாசம் செய்யவேண்டாம், "அப்போதே சொன்னேனே" என்று குத்திக் காட்டவும் வேண்டாம். அவர் வெளியே வரவேண்டுமானால், திரும்பி வர ஓர் இடம் வேண்டும். கணக்கை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வாங்கிய சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, கூட்டத்துக்கும் பிரயாணத்துக்கும் ஆன செலவு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். மற்றதை அந்தப் பக்கமே அவருக்குச் சொல்லிவிடும். "இனிமேல் புதிதாக ஒருவரையும் சேர்க்காதே" என்ற ஒரே ஒரு வாக்கை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதனால் அவர் போட்ட பணம் திரும்பாமல் போகலாம். ஆனால் அடுத்த வரிசையில் நிற்க இருந்த ஒரு குடும்பம் பிழைக்கும்.