வறுமைக் கோடும் வாழ்க்கைத் தரமும்

நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்குரிய வருமானம் கிடைக்கும். அது சராசரியேயன்றிப் பங்கீட்டைக் காட்டுவதன்று. ஒருவர்க்கு 1,000 வெள்ளி, மற்றவர்க்கு 100 வெள்ளி என்றாலும் அக்கணக்கில் இருவர்க்கும் 550 வெள்ளியே.

வருமானம் மட்டுமே வாழ்வாகாது என்பதனால், மாபூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோரின் சிந்தனையில் உருவான மனித வளர்ச்சிக் குறியீட்டை 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அது சேர்த்து அளக்கிறது.

அளவுகோல் மாறின் விடையும் மாறும். மலேசியாவில் 2016-இல் வறியவர் நூற்றுக்கு 0.4 குடும்பங்களே எனப்பட்டது. 2020-இல் வறுமைக் கோடு மாதம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டதும், அதே 2016-க்குரிய கணக்கு 7.6 ஆயிற்று. குடும்பங்கள் அவையே, கோடுதான் வேறு.

ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கிற்குத் தொழிற்சாலை வேலை தேடி வரும் ஒரு குடும்பத்தைக் கருதுக. அதன் கூலி உயரலாம். ஆயினும் தோட்டத்தில் வாடகையின்றி இருந்த வீட்டிற்கு ஈடாக இங்கே வாடகையும் பேருந்துக் கட்டணமும் கூலியிலிருந்தே போகும். உயர்ந்த கூலியை மட்டும் எண்ணுவது அரைக் கணக்கு.

பெற்ற வளர்ச்சி நிலைக்க உடைமை வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாளைப் பங்காளியாக்கிய அம்முயற்சியின் பயனை வருமானப் புள்ளி ஒன்றினால் மட்டும் அளந்துவிட இயலாது.